முதல் பிள்ளையை இழந்தபின், அடுத்த பிள்ளையைத் தூக்கப் பயப்படும் அப்பாவுக்கு

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் மூத்த பையன் 27 வாரத்தில், 900 கிராம் எடையில் பிறந்து, 9 நாள் இங்குபேட்டரில் இருந்து இறந்துவிட்டான். இப்போது மகள் பிறந்து 40 நாள் ஆகிறது. நிறைமாதம், 2 கிலோ 800. தாயும் பிள்ளையும் பேரையூர் பக்கம் உங்கள் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள், உங்களுக்கு மதுரையில் வேலை, சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துப் போகிறீர்கள். போனால் விடிய விடிய அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறீர்கள். வார நாளில் ராத்திரி 2 மணிக்கு மாமியாருக்குப் போன் போட்டு "மூச்சு விடுறாளா" என்று கேட்கிறீர்கள். ஆனால் பகலில் அவளைத் தூக்குவதில்லை, இன்றுவரை ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை. மனைவி "பொண்ணாப் பொறந்துட்டான்னுதானே தூக்க மாட்டேங்கிறீங்க" என்று கேட்டுவிட்டார். ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி வாங்கலாமா, இந்தப் பயம் எப்போது போகும் என்பவைதான் நீங்கள் எழுதியிருக்கும் கேள்விகள். எனக்கு அதற்கு அடியில் வேறு இரண்டு கேள்விகள் தெரிந்தன. இவளும் போய்விடுவாளா? நான் நல்ல அப்பாதானா? அவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 23 வருடம் நர்ஸாக இருந்தேன். உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகளைத்தான் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், பல பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம், சிலரை அனுப்ப முடியவில்லை. அந்தச் சிலரின் வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால் பெரும்பாலும் எங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அதனால் உங்களைப் போன்ற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, அவளுடைய டிஸ்சார்ஜ் சீட்டையும் பார்க்கவில்லை. ஆகவே உடம்பைப் பற்றி நான் சொல்வது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவானது.

முதலில் மூச்சு. பச்சைப் பிள்ளை பெரியவர்களைப் போல ஒரே சீராக மூச்சு விடாது. வேகமாக நாலைந்து மூச்சு விடும், அப்புறம் 5 முதல் 10 விநாடி வரை ஒன்றுமே இருக்காது, பிறகு மறுபடி வேகமாகத் தொடங்கும். இது நோய் இல்லை, மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்னும் முதிரவில்லை என்பதுதான் காரணம், மாதங்கள் போகப் போகக் குறைந்து பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும். நீங்கள் விரலை வைத்துக் காத்திருக்கும் அந்த 10 விநாடி உங்களுக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. தூக்கத்தில் திடீரென்று கையை விரித்துப் பதறுவது, தும்முவது, மூக்கில் கர்கர் என்று சத்தம் வருவது எல்லாமே இந்த வயதில் இயல்பு. இயல்பில்லாதது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும்: 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால், உதடும் நாக்கும் நீலமானால், அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி 60 அல்லது அதற்கு மேல் மூச்சு இருந்தால் (இரண்டு மாதம் வரைக்கும்தான் இந்தக் கணக்கு, அதன் பிறகு 50), மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்காமல் துவண்டு போனால், வலிப்பு வந்தால், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், அல்லது உடம்பு சில்லிட்டுப் போனால். இதில் எது இருந்தாலும் இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி மாமியார் வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி 2 மணிப் போன் செய்யாத வேலையை அந்தத் தாள் செய்யும்.

கருவி வேண்டாம். இதை உறுதியாகவே சொல்கிறேன். நல்ல ஆரோக்கியமாகப் பிறந்த நிறைமாதப் பிள்ளைக்கு வீட்டில் ஆக்சிஜன் அளவுக் கருவி மாட்டினால் தூக்கத்தில் திடீரென்று இறப்பது குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதை நம்பி வாங்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. பெரியவர்கள் விரலில் மாட்டும் கிளிப்பைப் பிள்ளையின் காலில் மாட்டினால் அது காலை ஆட்டும்போதெல்லாம் தப்பான எண் காட்டும். அது மட்டும் இல்லை தம்பி. 9 நாள் நீங்கள் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். எண் இறங்கினால் மணி அடிக்கும், நாங்கள் ஓடி வருவோம், எண் ஏறும், உங்களுக்கு உயிர் வரும். அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கூடவே வந்துவிடும் என்று அப்பாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்துக்குக் கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார் ஒருவர். அந்தத் திரையை நீங்களே காசு கொடுத்து வீட்டுக்கு வாங்கி வர வேண்டாம்.

மூச்சு விஷயத்தில் உண்மையிலேயே பலன் தருகிற வேலை வேறு இருக்கிறது, அதில் செலவும் இல்லை. பகலோ இரவோ மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பல நாடுகள் இதை மக்களிடம் சொல்லத் தொடங்கிய பிறகு தூக்கத்தில் நடக்கும் திடீர் இறப்புகள் பெருமளவு குறைந்தன, இதில் சந்தேகமே இல்லை. சமமான, அழுந்தாத விரிப்பு, தலையணை வேண்டாம், நம் ஊரில் தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். பெரியவர்கள் போர்வைக்குள் படுக்க வைக்காமல், அதே அறையில் பக்கத்தில் தனி விரிப்பில் படுக்க வையுங்கள். அந்த வீட்டில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. சேலைத் தொட்டில் நம் வாழ்க்கையோடு சேர்ந்தது, அதைக் கழற்றுங்கள் என்றால் உங்கள் மாமியார் என்னைத்தான் கழற்றி விடுவார். ஆனால் கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தொட்டிலுக்குள் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சுவழி நெருக்கப்படலாம், அதனால் இந்த மாதங்களில் இரவுத் தூக்கம் தரையில் இருக்கட்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதுவது, சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவது கட்டாயம் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போன பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதல் பிள்ளைக்கு நடந்தது இவளுக்கும் நடக்குமா? 27 வாரத்தில் பிறந்த பிள்ளையின் ஆபத்துகள் பெரும்பாலும் குறைமாதத்தால் வருபவை, முதிராத நுரையீரல், முதிராத குடல், மெல்லிய ரத்தக்குழாய். நிறைமாதத்தில் 2 கிலோ 800-இல் பிறந்து, பால் குடித்து, எடை ஏறும் பிள்ளையிடம் அவை இல்லை. பரம்பரையாக ஏதாவது காரணம் இருந்ததா என்பதை மட்டும் இரண்டு பிள்ளைகளின் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் குழந்தை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "மூத்தவனுக்கு வந்தது இவளுக்கு வர வாய்ப்பு உண்டா?" அவர் சொல்வதை அந்தச் சீட்டின் பின்பக்கமே எழுதித் தரச் சொல்லுங்கள். ராத்திரியில் வாய்வார்த்தை மறந்துபோகும்.

இனி தூக்காமல் இருப்பதைப் பற்றி. நம் ஊரில் பச்சிளம் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அதற்கு அம்மாவைக் கூட்டிப் போவதில்லை, பிரசவ வார்டில் படுத்திருப்பவருக்குப் பல நேரம் முகத்தைக் கூடக் காட்டுவதில்லை. எல்லாம் அப்பாதான் செய்ய வேண்டும். கையெழுத்துப் போடுவது, பில் கட்டுவது, துணியில் சுற்றியதை வாங்கிக்கொள்வது, ஒரு சித்தப்பாவையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு ஆட்டோவில் மடியில் வைத்துப் போவது, இறக்கி வைப்பது. நானே அப்படி எத்தனையோ அப்பாக்களின் கையில் கொடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் கொடுக்கும்போது "மனசத் தேத்திக்கோங்க, அந்தப் புள்ளைய நல்லாப் பாத்துக்கோங்க" என்று மனைவியைப் பற்றித்தான் சொல்வேன். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை. அது என் தப்பு, இன்றைக்கும் உறுத்துகிறது. இங்குபேட்டரில் இருந்த 9 நாளும் உங்கள் பையனை நீங்கள் தூக்கியிருக்க மாட்டீர்கள், அந்த நிலையில் பெரும்பாலும் தூக்க விட்டிருக்க மாட்டார்கள். முதல் முறையாகத் தூக்கியதே அன்றைக்காக இருந்திருக்கும். அப்படியானால் ஒரு பிள்ளையைத் தூக்குவது என்றால் என்ன என்று உங்கள் கைக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். இப்போது துணியில் சுற்றிய மகளைக் கையில் கொடுத்தால் கை பின்வாங்காமல் என்ன செய்யும்? இது நான் அப்பாக்களைப் பார்த்துப் புரிந்துகொண்டது, புத்தகத்தில் படித்ததில்லை, உங்களுக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

போட்டோ எடுக்காததைப் பற்றிக் குற்ற உணர்வு வேண்டாம். முந்தின பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததாகப் பிறந்த பிள்ளையை நம் பாட்டிமார் என்ன செய்தார்கள் தெரியுமா? குப்பைமேட்டில் ஒரு நொடி கிடத்தி எடுப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். பிச்சை, குப்பை, தவிடன் என்று பெயர் வைப்பார்கள். உங்கள் ஊரிலும் வயதானவர்களில் இந்தப் பெயர் உள்ளவர் யாராவது இருப்பார், அவருக்கு முன் அந்த வீட்டில் யார் யார் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எமனை ஏமாற்றுவது என்று சொல்வார்கள். எனக்கு அது வேறு மாதிரியும் படுகிறது: இது என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லவே பயந்த அப்பா அம்மாவுக்கு, கொஞ்ச நாள் சொல்லாமல் இருந்துகொள்ள ஊரே கொடுத்த அனுமதி. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் அப்பனைப் பாசம் இல்லாதவன் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் போனைப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பதும் அதே பயம்தான், ஆனால் இப்போது அதற்குச் சடங்கு இல்லாததால் உங்கள் மனைவிக்கு அது வேறாகத் தெரிகிறது.

அவர் கேட்ட கேள்வியைச் சும்மா விடாதீர்கள். பெண் பிள்ளை என்பதால் முகம் திருப்பிய வீடுகளை நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பார்த்து வளர்ந்தவர்கள், 40 நாளாகப் பிள்ளையைத் தூக்காத புருஷனைப் பார்த்தால் அவருக்கு வேறு என்ன தோன்றும். "தூக்கப் பயமா இருக்கு, மூத்தவனத் தூக்கிட்டுப் போனதுதான் நினைவுக்கு வருது" என்று அவரிடம் சொல்லுங்கள். புதைத்த இடம் எது, என்ன துணி சுற்றியிருந்தது என்று அவர் கேட்கலாம், அதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால் சொல்லுங்கள். அழுவார், பால் நின்றுவிடும் என்று மாமியார் தடுப்பார். மனக்கலக்கத்தில் பால் இறங்குவது கொஞ்ச நேரம் தாமதப்படலாம், நின்றுபோகாது, பிள்ளை சப்பச் சப்ப வந்துவிடும்.

அப்பாக்களின் மனசைப் பற்றி ஆய்வுகள் அம்மாக்களைப் பற்றியதை விடக் குறைவு. ஓரளவு உறுதியாகத் தெரிந்தது: 2010-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனைவி கர்ப்பமாக இருக்கும் காலத்திலும் பிள்ளை பிறந்த முதல் வருடத்திலும் அப்பாக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. பிள்ளைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும்போது அதிகம் என்றும் அதில் இருந்தது, ஆனால் அந்தப் பகுதிக்கு ஆதாரமான ஆய்வுகள் சிலதான், அதை இரும்புக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு பிள்ளையை இழந்தவர்களுக்கு அடுத்த பிள்ளையின்போது பதற்றம் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது, அதில் அப்பாக்களும் அடக்கம். இறந்த பிள்ளையின் நினைவுப் பொருளை வைத்திருப்பது நல்லதா கெட்டதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. என் அனுபவத்தில், அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச முடிந்தவர்கள் இந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் சீக்கிரம் வந்து சேர்ந்தார்கள். சிலருக்குப் பேசாமல் இருப்பதே ஒத்துவந்தது.

எப்போது போகும் என்றால், ஒரே நாளில் போகாது, இடையில் சில நாட்களில் கூடவும் செய்யும். மகளின் 9-ஆம் நாளை எப்படிக் கடந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த நாள் ஒன்றும் சும்மா போயிருக்காது. மூத்தவன் பிறந்த தேதி வரும், போன தேதி வரும், முதல் சளி, முதல் காய்ச்சல் வரும். அன்றைக்கெல்லாம் காரணமே தெரியாமல் கோபம் வரும், காலண்டரைப் பார்த்தால் காரணம் தெரியும். நடுவில் பிள்ளை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டே போகும். இன்னும் ஒன்றிரண்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிப்பாள். மூன்று நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும், என்னிடம் பேசிய அப்பாக்களில் பலருக்குப் பயம் முதலில் இளகியது இங்கேதான், தலையைப் பிடிக்காமல் தூக்கலாம் என்றதும் கைக்குத் தைரியம் வருகிறது. அஞ்சு மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்கு ஆகும். உங்கள் பக்கம் வழக்கப்படி மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வீட்டுக்குக் கூட்டி வருவீர்கள், அது வரைக்கும் வாரம் ஒரு நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகும் விருந்தாளியாக இருப்பது இந்தப் பயத்துக்குத் தீனி போடும் என்பது என் எண்ணம். முடிந்தால் சீக்கிரமே கூட்டி வாருங்கள். ஒன்பதாம் மாதம் உங்களைப் பார்த்ததும் தவழ்ந்து வந்து லுங்கியைப் பிடித்து எழுந்து நிற்பாள். குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் அவள் வீறிட்டு அழுவாள், அந்த அழுகை அவ்வளவு சத்தமாக இருப்பது சந்தோஷமாக இருந்தது என்று ஓர் அப்பா அழகர்கோவிலில் இருந்தே எனக்குப் போன் செய்தார். அவரே முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் தூக்கம் இல்லாமல் தவித்தார். அவருக்கு இரண்டும் நடந்தது, உங்களுக்கும் நடக்கலாம்.

மூச்சு பார்ப்பதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் முடியாது. பார்க்கப் பார்க்க நிம்மதி வரும், பத்து நிமிடத்தில் கரைந்துவிடும், மறுபடி பார்க்கத் தோன்றும், எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஆகவே நேரம் வையுங்கள்: பால் கொடுக்க எழும்போது, அதாவது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, பார்க்கலாம். மூக்கில் விரல் வேண்டாம், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தால் போதும். வார நாளில் ராத்திரி 10 மணிக்கு ஒரு போன், காலை 6 மணிக்கு ஒரு போன், நடுவில் ஏதாவது என்றால் அவர்கள் கூப்பிடுவார்கள். தூக்குவதற்கும் இதே மாதிரி சின்னதாகத் தொடங்குங்கள். எங்கள் வார்டில் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைப்போம், கங்காரு முறை என்பார்கள், 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இங்குபேட்டர் பற்றாமல் தொடங்கியது. அப்பாக்களும் செய்யலாம், நிறைமாதப் பிள்ளைக்கும் செய்யலாம். குளித்துவிட்டு, சட்டையைக் கழற்றி, சாய்ந்த நாற்காலியில் உட்காருங்கள். துணியில் சுற்றாமல், டயப்பர் மட்டும் போட்டு, பிள்ளையின் முகம் ஒரு பக்கம் திரும்பி மூக்கு தெரிகிறபடி நெஞ்சில் வையுங்கள், மேலே ஒரு துண்டு. நீங்கள் தூங்கிவிடக் கூடாது, அது மட்டும் முக்கியம். துணி மூட்டையாக இல்லாமல் சூடாக, நெளிந்துகொண்டு, மூச்சு உங்கள் தோலிலேயே படும்படி இருப்பாள். முதல் நாள் பத்து நிமிடம் போதும்.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல், பிள்ளையை வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்போது கூடத் தூக்கம் வராவிட்டால், வேலை செய்ய முடியாவிட்டால், வார்டில் நடந்தது கண்முன் மறுபடி மறுபடி ஓடினால், தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியிருந்தால், அதற்கு நான் எழுதுவது பத்தாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். செத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. மனைவிக்கு இந்த அறிகுறிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள், உங்கள் கேள்வியில் அவர் தூங்குகிறாரா என்பது இல்லை.

வரும் புதன்கிழமைக்குள் மகளுக்கு 6 வாரம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்குத்தான் ஊசி நாள். லீவு போட்டுவிட்டு நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். தொடையில் போடும்போது காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் ஊசிக்கு அன்று ராத்திரி காய்ச்சல் வருவது சகஜம், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். சுவரில் ஒட்டச் சொன்ன 100.4 கணக்கோடு இது குழம்பாமல் இருக்க, எடைக்கு எத்தனை சொட்டு மருந்து, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, எவ்வளவு காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று ஊசி போடும் சிஸ்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வாங்க வேண்டிய கருவி அதுதான். அன்று ராத்திரி மதுரைக்குத் திரும்பாமல் அங்கேயே தங்குங்கள். மனைவியும் மாமியாரும் களைத்திருப்பார்கள், அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு நடக்க ஓர் ஆள் தேவைப்படும்.